எந்தப் பகுதி

அல்சூரில் மூன்றாவது மாடி.
மாடி என்பது மரியாதைக்கு;
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்
தகரம் போட்ட ஒற்றை அறை.
வாடகை பத்தாயிரம், கரண்ட் தனி.

நாகரத்தினம்மா கேட்ட முதல் கேள்வி
பேர் இல்லை, வேலை இல்லை.
"ஊர்ல எந்தப் பகுதி?"
அவர் பிறந்தது இதே தெரு. அவர் அம்மா பிறந்ததும்.
ஆனாலும் தர்மபுரியைக் கிண்டிக் கிண்டி
என் சந்துவரை வந்துதான் சாவியை நீட்டினார்.

பள்ளியில்
கோட்டுக்குக் கீழே நிற்கும் எண்ணுக்கும்
பகுதி என்றுதான் பெயர்.
பகுதி வேறானால் கூட்டாதே:
ஸ்கேலின் விளிம்பால்
விரல் முட்டியில் எழுதித் தந்த பாடம்.

ஜன்னலோரக் கட்டில் சகாயராணிக்கு.
நர்ஸ்; மாசம் பிறந்தால் சம்பளம்.
அவள் ஆறாயிரம், நான் நாலாயிரம்.
இரண்டு வருஷம் ஒரு சத்தமில்லை.
அப்புறம் ஒரு ஏப்ரலில்
இனி பன்னிரண்டு என்றார் நாகரத்தினம்மா.

அன்றிரவு கேஸ் ரசீதின் முதுகில் கணக்கு.
அவளுடையது அரை, என்னுடையது மூன்றிலொன்று.
மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு,
கீழே இரண்டும் மூன்றும் ஐந்து.
"அஞ்சுல ரெண்டு" என்றாள்.
பிறகு அவளே பேனாவைக் கடித்தாள்:
"நான் ஒருத்தியே அரை குடுக்கேன்.
நீ சேந்ததும் கொறஞ்சிட்டோமாட்டி?"

சிரித்து முடிய நேரமானது.
அதற்கப்புறம் இரண்டையும் ஆறாக வெட்டினோம்,
அவளிடம் மூன்று துண்டு, என்னிடம் இரண்டு.
குறைவது ஒன்று.

அந்த ஒன்றாக வந்தவள் ஜரினா.
ஆம்பூரில் ஷூ கம்பெனி மூடி
இங்கே தையல் கம்பெனி.
"உன்னுதுல பாதிதான் என்னால ஆவும்."
மூன்றிலொன்றின் பாதி ஆறிலொன்று.
இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு பாய் அகலம்.
பெருக்கினால் பெருகும் என்று யார் சொன்னது?
விடிந்ததும் அவள் துடைப்பத்தோடு
கட்டிலுக்கடியில் நுழைவாள்.
பெருக்கப் பெருக்கக் குறைவது
குப்பையும் பின்னமும்.

நாகரத்தினம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.
தலையில் துப்பட்டாவைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.
"இவ எந்தப் பகுதி?"
"ஆறு" என்றேன்.
"ஆத்துப் பக்கமா? பாலாறா?"
ஜரினா தலையாட்டினாள்.
பொய் இல்லை.
ஆம்பூரில் பாலாறு இருக்கிறது,
மணலாக.

பதினான்கு மாதம் மூவரும் சேர்ந்து ஒன்று.
கரண்ட் பில்லில்தான் இழுபறி:
நைட் டியூட்டிக்காரிக்கு ராத்திரி ஃபேன் எதற்கு,
பகலில் தூங்குகிறவளுக்கு
பகல் ஃபேனைக் கழிப்பதா, கூட்டுவதா.
அரை லிட்டர் பால், மூன்று டம்ளர்.
ஏடு யாருக்கு என்பது தீராத வழக்கு.

சகாயராணிக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது.
ஒன்றிலிருந்து அரையைக் கழித்தோம்.
ஏர்போர்ட் பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டு
வீடு வரும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை.

மிச்சமிருந்த அரைதான் இனி முழுசு.
ஆகவே அரையால் வகுக்க வேண்டும்.
தலைகீழாக்கிப் பெருக்கு என்பார்கள்;
அரை கவிழ்ந்தால் இரண்டு.
என்னுடையது மூன்றில் இரண்டு, எட்டாயிரம்.
ஜரினாவுடையது மூன்றிலொன்று, நாலாயிரம்.
அரையால் வகுத்ததும் அறையே இரட்டித்தது:
காற்று, கொடியில் இடம், கண்ணாடி முன் நேரம்.
பில் கவுண்டரில் எட்டு மணிநேரம் நிற்கும்
என் சம்பளம் மட்டும் அப்படியே.

ஜன்னல் கட்டிலில்
மூன்று வாரமாய் யாரும் படுக்கவில்லை.
துணி மடித்து வைக்கிறோம்.

நேற்று பால் பூத்தில் ஒட்ட ஒரு தாள் எழுதினேன்:
அறையில் அரை காலி.
ஜன்னலோரக் கட்டில். பெண்கள் மட்டும்.
ஜரினா பேனாவைப் பிடுங்கி
'எந்தப் பகுதியானாலும்' என்று சேர்த்தாள்.
ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன்.
கோட்டுக்குக் கீழே
எங்கள் இருவர் போன் நம்பரும்.